பன்னிரண்டு நிமிஷ மகள்

என் மகள் முப்பது வயதில் எப்படியிருப்பாள் என்பதை அவள் பிறந்த பதினோராம் நாளே பார்த்துவிட்டேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அதுவும் போதாதென்று சண்டை போட்டு மூன்றாவது தடவையும் பார்த்தேன். அந்த மூன்றாவது தடவையால்தான் எங்கள் குடும்பம் இன்றைக்கு இப்படி ஓடுகிறது. இதைப் பற்றி ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் சகாயராணி, தூத்துக்குடி. தொழில் கிரேன் ஓட்டுவது. என் வீட்டுக்காரர் றெஜினோல்ட், பருத்தித்துறை. கடலுக்கடியில் போகும் கேபிள்களைப் பழுது பார்க்கிறவர். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கிடப்பது ஒரு துண்டுக் கடல். இந்தக் கரை வலையில் சிக்காத மீன் அந்தக் கரையில் குழம்பாகிறது. ஆனால் நாங்கள் சந்தித்தது இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. நிலநடுக்கோட்டில், நங்கூரப்பட்டினத்தில்.

விண்வெளிக்குச் சரக்கு ஏற்றுகிற அந்த நீளக் கயிறு கடலைத் தொடுகிற இடத்தில் கட்டிய மிதக்கும் ஊர்தான் நங்கூரப்பட்டினம். நாற்பதாயிரம் பேர் வேலை செய்கிறார்கள். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. அங்கே பிறந்த குழந்தை அந்த ஊர்க்காரர் ஆகிவிட முடியாது, ஏனென்றால் அந்த ஊருக்கு ஊர்க்காரரே கிடையாது. நாற்பது நாளுக்கு மேல் கைக்குழந்தை அங்கே இருக்கவும் கூடாது. அதற்குள் அதற்கு ஒரு நாட்டைப் பிடித்துக் கொடுத்து, தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

ஒரே ஒரு நாடு. எங்களுக்கு முந்திய தலைமுறையில் ஆளுக்கு இரண்டு பாஸ்போர்ட்கூட வைத்திருந்தார்களாம். பிறகு நாடு விட்டு நாடு கல்யாணம் பெருகியது. ஒரே ஆள் இரண்டு பக்கமும் ஓட்டுப் போட்டுவிட்டு, வரி கட்டச் சொன்னால் மட்டும் 'அங்கே கட்டிவிட்டேன்' என்று இரண்டு பக்கமும் கை காட்டினான். எல்லா அரசாங்கங்களும் எரிச்சலாகி, சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஒற்றுமையாக உட்கார்ந்து, 'ஆளுக்கொரு நாடு' என்று ஒப்பந்தம் போட்டன. பெற்றோரில் யார் நாட்டைக் குழந்தைக்கு எழுதுகிறோமோ, அந்த நாட்டில்தான் பதினெட்டு வயதுவரை அது வளர வேண்டும். மற்றவர் அந்த நாட்டுக்கு விருந்தாளி. விருந்தாளிக்கு வருஷத்தில் தொண்ணூறு நாள். தொண்ணூற்றோராம் நாள் காலையில் போலீஸ் வரும்.

ஆக, எங்கள் இருவரில் ஒருவர் பெற்ற பிள்ளைக்கு விருந்தாளியாகப் போக வேண்டும். யார் என்பதுதான் கேள்வி. இதைப் படிவத்தில் 'நாட்டுத் தேர்வு' என்று கௌரவமாக எழுதியிருந்தார்கள்.

இதில் இயந்திரம் எங்கே வந்தது என்றால், பிள்ளைகளால் வந்தது. ஒப்பந்தம் வந்து பதினெட்டு வருஷம் கழித்து, வளர்ந்த பிள்ளைகள் வரிசையாகப் பெற்றோர்மேல் வழக்குப் போட்டார்கள். உங்களை யார் இந்த நாட்டை எடுக்கச் சொன்னது, அந்த நாட்டை எடுத்திருந்தால் நான் இந்நேரம் எங்கேயோ போயிருப்பேன் என்று. நீதிமன்றங்கள் தாங்காமல், பெற்றோர் இரண்டு நாட்டு வாழ்க்கையையும் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. பார்ப்பதற்காக வந்ததுதான் முன்காட்டி. குழந்தையின் ரத்தம் ஒரு துளி, அப்பா அம்மாவின் முழுச் சரித்திரம், அந்த நாட்டின் பள்ளிக்கூடம், சாலை, சமையல், சண்டை எல்லாவற்றையும் உள்ளே போட்டால், அந்த நாட்டில் வளர்ந்து முப்பது வயதான உங்கள் பிள்ளை திரையில் வந்து உங்களோடு பேசும். நாட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம்.

செய்தி பரவியதும் சொந்தக்காரர்கள் கேள்வி அனுப்ப ஆரம்பித்தார்கள். என் அண்ணன் கஸ்பார் நாற்பத்தொரு கேள்வி அனுப்பினான். தாய்மாமன் என்ற உரிமையாம். நாற்பத்தோராவது கேள்வி, அவன் மகனைக் கட்டிக்கொண்டாளா என்பது. அவன் மகன் அப்போது ஒன்றாம் வகுப்பில் இருந்தான். யாழ்ப்பாணத்திலிருந்து என் வீட்டுக்காரரோடு பிறந்த மதினி டிலானி ஒரே ஒரு கேள்விதான் அனுப்பினாள், பிள்ளை டொக்டரா இல்லையா என்று. என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் வடிகட்டி ஓர் அட்டவணை போட்டார். படிப்பு மூன்று நிமிஷம், உடல்நலம் இரண்டு, வேலை மூன்று, மனநிம்மதி நான்கு. மனநிம்மதியை நான்கு நிமிஷத்தில் எப்படிக் கேட்பது என்றேன். "நீர் சும்மா இரும். நான் கேக்கிறன்" என்றார்.

எந்த நாடு வேண்டும் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று படித்தவர்கள் மாதிரி நாகரிகமாக இருந்தோம். உள்ளுக்குள் எனக்கு இந்தியாதான். வேறு பேச்சுக்கே இடமில்லை. பத்து மாதம் சுமந்து, தையல் போட்டு, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருப்பவள் நான், நான் போய் விருந்தாளியா? அவர் உள்ளுக்குள் இலங்கை என்று இருந்ததும் எனக்குத் தெரியும். குழந்தையைக் குளிப்பாட்டும்போதெல்லாம் பருத்தித்துறைக் கடலைப் பற்றி அதன் காதில் ஓதிக்கொண்டிருந்தார்.

முன்காட்டி அறையில் எங்களுக்கு வாய்த்த அதிகாரி புஷ்பலீலா. மலேசியத் தமிழ்ப் பெண், ஈப்போக்காரி, நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு நாளைக்கு எட்டுக் குடும்பத்துக்கு எதிர்காலம் காட்டி அலுத்துப்போன முகம். விதிகளைக் கடகடவென்று சொன்னாள். இது ஜோசியம் இல்லை. திரையில் வருகிற ஆளுக்குத் தான் இயந்திரம் என்று தெரியாது. வயசான அப்பா அம்மா வீடியோவில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேசும். அதனால் உண்மையைச் சொல்லிக் குழப்ப வேண்டாம். முக்கியமானதை மட்டும் கேளுங்கள்.

"எல்லாரும் நேரத்த வேஸ்ட் பண்ணிடறாங்க லா. அப்பறம் அழுவறாங்க" என்றாள்.

நாங்கள் அப்படி இல்லை என்று என் வீட்டுக்காரர் அட்டவணையை எடுத்துக் காட்டினார். அவள் பொத்தானை அமுக்கினாள். முதலில் இந்தியா.

திரையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். என்னுடைய நெற்றி, அவருடைய மூக்கு. பின்னால் ஜன்னலில் தூத்துக்குடி வெயில். அந்த வெயில் எனக்குத் தெரியாதா. மடியில் பதினோரு நாள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, எதிரே அதே குழந்தை தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு நாற்பத்தொரு கேள்வியும் போன இடம் தெரியவில்லை.

"ஏட்டி, சாப்ட்டியா?" என்றேன்.

இப்போதுதான் சாப்பிட்டாளாம். சீலா மீன் குழம்பாம். மாங்காய் போட்டாயா என்றேன். போடவில்லையாம். மாங்காய் போடாமல் அது என்ன குழம்பு என்று கேட்டேன். எல்லாருமா மாங்காய் போடுகிறார்கள் என்று அவள் கேட்டாள். பேச்சு சூடு பிடித்துவிட்டது. என் வீட்டுக்காரர் அட்டவணையால் என் முழங்கையில் தட்டிக்கொண்டே இருந்தார். சரி, படிப்பைக் கேட்போம் என்று வாயைத் திறந்தேன், புளி எவ்வளவு போட்டாய் என்று வந்தது. அவர் பொறுக்க முடியாமல் நடுவில் புகுந்து, என்ன கேட்டார் தெரியுமா? அங்கே மழையா என்று கேட்டார். மழை இல்லையாம். நல்லது என்றார். இதில் பத்து நிமிஷம் போய்விட்டது.

கடைசியில் அவளே அப்பா பக்கம் திரும்பினாள். திரும்பும்போதே குரலில் ஒரு மரியாதை ஏறிக்கொண்டது, வீட்டுக்கு வந்த கணக்கு வாத்தியாரிடம் பேசுகிற மாதிரி.

"அப்பா, அடுத்த மாசம் வாறீங்கள்லா. ஒங்களுக்குக் காரம் ஆகுமா? அம்மாட்ட கேட்டா சிரிக்கா, சொல்ல மாட்டேங்கா."

என் வீட்டுக்காரர் எங்கள் ஊர்க் குழம்பைப் பாயசம் என்று சொல்கிறவர். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டுதான் கஞ்சி குடிப்பார். அவர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆகும் பிள்ளை. கொஞ்சமாப் போடு" என்றார்.

திரை அணைந்தது. புஷ்பலீலா தண்ணீர் கொடுத்தாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் சந்தோஷம்தான். என் மகள் என்னோடு சண்டை போடுகிறாள், என் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள், இனி என்ன வேண்டும்? பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷத்தை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

அடுத்தது இலங்கை. இந்தத் தடவை சாப்பாட்டுப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று மாதாமேல் சத்தியம் செய்துகொண்டு உட்கார்ந்தேன்.

வந்தவளுக்கு அதே நெற்றி, அதே மூக்கு. ஆனால் தலையைச் சாய்த்துப் பார்க்கிற பார்வை அப்படியே என் மதினி டிலானி. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "அம்மா, சுகமா இருக்கிறியளே?" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பெற்ற பிள்ளை என்னிடம் சுகமா என்று கேட்கிறது. அது எங்கட வழக்கம், எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள் என்று என் வீட்டுக்காரர் காதோரம் சொன்னார். வழக்கம் ஊருக்கு, எனக்கு எதற்கு என்றேன் சத்தமாகவே. அவர் அவசரமாக அவள் பக்கம் திரும்பி, "சாப்பிட்டனியே பிள்ளை?" என்று கேட்டார். அட்டவணை போட்ட மனுஷன்.

"இன்னும் இல்லையப்பா. நீங்கள் வந்த பிறகு சாப்பிடுவம் எண்டு இருக்கிறன்" என்றாள் அவள்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நிலா உதித்த மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. நான் குறுக்கே விழுந்து, நான் யாருட்டி ஒனக்கு என்று ஆரம்பித்தேன். என்னென்ன சொன்னேன் என்று இப்போது சரியாக நினைவில்லை. பத்து மாதம், தையல், எல்லாம் வந்தது. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரொம்பப் பழகிப்போன பொறுமை.

"ஏனம்மா கோவிக்கிறியள்? வந்து நிக்கிற நாளிலயும் இப்பிடித்தான். இருக்கிறதே தொண்ணூறு நாள்" என்றாள்.

நான் மடியில் இருந்த குழந்தையின் துணியைச் சரிசெய்ய ஆரம்பித்தேன். மீதி நிமிஷங்களை அவர்கள் இருவரும் ஏதோ மோட்டார் பழுதைப் பற்றிப் பேசிக் கழித்தார்கள். திரை அணைந்ததும் புஷ்பலீலா படிவத்தை எங்கள் முன் நீட்டினாள். இரண்டு கட்டம், ஒரு கையெழுத்து.

"இந்தியாவ இன்னொருக்காப் போடுங்க" என்றேன்.

முடியாது, நாட்டுக்கு ஒரு தடவைதான் விதி என்றாள். ஒரு மீன் வாங்குவதென்றாலே எங்கள் ஊரில் செவுளைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்ப்போம், நான் நாடு வாங்குகிறேன் என்றேன். விதி என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. குழந்தை விழித்து அழுதது, அங்கேயே சேலையை மூடிக்கொண்டு பால் கொடுக்க ஆரம்பித்தேன். வெளியே அடுத்த குடும்பம் கதவைத் தட்டியது. மேலதிகாரியைக் கூப்பிடட்டுமா என்றாள். கூப்பிடு, அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும், நியாயம் கேட்கிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் பேரம் நடக்கும்போது அவர் எப்போதும் கூரையைத்தான் பார்ப்பார்.

கடைசியில் புஷ்பலீலா எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள். "அஞ்சே நிமிசம். நான் போடல, நீங்க பாக்கல" என்றாள்.

மறுபடியும் இந்தியா. அதே பெற்றோர், அதே ரத்தம், அதே தூத்துக்குடி.

வந்தவள் வேறு ஒருத்தி. முடியை ஒட்ட வெட்டியிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். பின்னால் வெயிலே இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டாளாம், சாம்பார் சாதம். மீன் இல்லையா என்றேன். மீன் வாடையே அவளுக்கு ஆகாதாம், சின்ன வயதிலிருந்தே ஆகாது என்பது எனக்குத் தெரியாதா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். கோயம்புத்தூரில் வீடாம். கடல் என்றாலே தலை சுற்றுமாம். என் வீட்டுக்காரரைப் பார்த்து மட்டும் கண்ணைச் சிமிட்டினாள். அப்பாவும் அவளும் தினமும் கடிதம் எழுதிக்கொள்வார்கள் போலிருக்கிறது. போன வாரம் அனுப்பிய கதை பிடித்ததா என்று கேட்டாள். அவர் பிடித்தது என்றார். இந்த வருஷம் எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் திரை அணைந்துவிட்டது.

குழந்தையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

"இது வேற பிள்ளை" என்றார் என் வீட்டுக்காரர்.

புஷ்பலீலா நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். அதிகாரி முகத்தைக் கழற்றி வைத்துவிட்டாள்.

"எத்தன தடவ போட்டாலும் வேற பிள்ளதான் வரும்" என்றாள். "எந்த டீச்சர் கெடைக்கறாங்க, எந்தக் கூட்டாளி பக்கத்துல ஒக்கார்றான், எப்ப காய்ச்சல் வருது, இதெல்லாம் மெசின் தாயக்கட்ட மாதிரி உருட்டித்தான் போடுது. நாட்டால வர்ற வித்தியாசம் கொஞ்சம்தான். ஒரே நாட்ட ரெண்டு தடவ போட்டா அதவிட ஜாஸ்தி வித்தியாசம் வரும்."

அப்படியானால் எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ காட்டினா யாரும் கையெழுத்தே போட மாட்டாங்க. அதான் ஒரு தடவன்னு சட்டம்."

நான் கிரேன் ஓட்டுகிறவள். பாரம் எப்படி ஆடினாலும் ஆடாத புள்ளி ஒன்று இருக்கும், அதைப் பார்த்துத்தான் தூக்குவோம். எல்லாம் மாறுகிறது சரி, மாறாதது எது என்று கேட்டேன்.

புஷ்பலீலா குழந்தையின் பாதத்தைத் துணியால் மூடிவிட்டாள். பன்னிரண்டு வருஷமாக இந்த அறையில் இருக்கிறாளாம். அந்தத் திரையில் டாக்டர் வந்திருக்கிறார், திருடன் வந்திருக்கிறான், சாமியார் வந்திருக்கிறார்.

"அந்தத் தொண்ணூறு நாள் மட்டும்தான் மாறவே மாறாது. எந்தப் பிள்ளையா இருந்தாலும் அத எண்ணிக்கிட்டுத்தான் ஒக்காந்திருக்கும்" என்றாள்.

என் வீட்டுக்காரர் பேனாவை எடுத்தார். அட்டவணையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"இந்தியா எண்டு போடும்."

ஏன் என்றேன்.

"பிள்ளை என்னை மரியாதையா நடத்தினாலும் நான் தாங்குவன். உம்மால ஏலாது. 'சுகமா' எண்டு ஒரு சொல்லுக்கே இயந்திரத்தோட சண்டைக்குப் போயிட்டீர்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நான் கேட்டது கிடைத்துவிட்டது, அது கையில் நெருப்பு மாதிரி இருந்தது. இந்த மனுஷன், பிள்ளைக்கு ஒவ்வொரு நகமும் தனித்தனியாக வெட்டுகிற மனுஷன், முப்பது வருஷம் கழித்துக் காரம் ஆகுமா என்று கேட்கப்படுவார். வேண்டாம், இலங்கை என்றே போடுவோம், நான் திருந்திக்கொள்கிறேன் என்றேன். நீர் திருந்துவீர் என்று எந்த இயந்திரமும் காட்டாது என்றார் அவர். அங்கேயே அதற்கும் ஒரு சண்டை ஆரம்பித்தது, இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதற்காக. புஷ்பலீலா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அந்தச் சண்டையில் கோபம் தாங்காமல் படிவத்தைத் திருப்பிப் போட்டேன். பின்பக்கம் பொடி எழுத்து. பாரச்சீட்டில் பொடி எழுத்தைப் படிக்காமல் கொக்கியை மாட்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தேன். விருந்தாளி நாள் என்பது, நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு அந்த நாட்டின் தரையில் இருக்கிற நாள் என்று எழுதியிருந்தது.

நான் படிப்பதை நிறுத்தினேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் வளர்ந்தவள் நான். காலையில் கப்பலிலிருந்து இறங்குகிற வெளிநாட்டுக்காரர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். பிலிப்பைன்ஸ்காரன், உக்ரைன்காரன், எவனிடமும் விசா கிடையாது. கப்பல் ஆள் என்று ஒரு புத்தகம் இருக்கும், வாசலில் ஷோர் பாஸ் என்று ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். பகலெல்லாம் ஊரைச் சுற்றி, மக்ரூன் வாங்கித் தின்று, பொழுது சாய்ந்ததும் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். நாட்டின் கணக்கில் அவர்கள் ஊருக்குள் வரவே இல்லை.

"ஒங்ககிட்ட கப்பல் ஆள் புஸ்தகம் இருக்குல்லா?" என்றேன்.

கேபிள் பழுது பார்க்கிறவருக்கு அது இல்லாமலா. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவரும் சேர்ந்து புஷ்பலீலாவைப் பார்த்தோம். அவள் கதவின் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கல" என்றாள். "ஆனா படகு பாத்து வாங்குங்க. கூரை இருக்கணும்."

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. மகளுக்கு அமலி என்று பெயர் வைத்தோம். அவள் இந்தியப் பிரஜை. திரையில் வந்த மூன்று பேரில் எவளைப் போலவும் இல்லை. மீன் தின்பாள், ஆனால் மாங்காய் போட்டாலும் போடாவிட்டாலும் குறை சொல்வாள். அவள் அப்பா இலங்கைக் கொடி பறக்கும் ஒரு சின்னப் படகின் தலைவர், மாலுமி, சமையல்காரர். படகின் பெயர் 'பொறுமை'. அது என்னைக் குத்திக்காட்ட வைத்த பெயர். தூத்துக்குடித் துறைமுகத்தில் பழுதாகி நிற்கிறது. வெளிநாட்டுப் படகு பழுதாக இருக்கும்வரை நிற்கலாம் என்பது விதி. உலகத்தின் எந்தக் கடலடியிலும் எந்தக் கேபிளையும் சரி செய்கிற மனுஷன், தன் படகின் எஞ்சின் மட்டும் ஓடிவிடாமல் ஆறு வருஷமாகக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார். மாதம் ஒரு தடவை துறைமுக அதிகாரி வந்து, இன்னும் சரியாகவில்லையா என்று கேட்பார். இன்னும் ஒரு பன்னிரண்டு வருஷம் எடுக்கும் போலக் கிடக்கு ஐயா என்பார் இவர். அதிகாரிக்கும் பெண் குழந்தைதான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

காலை ஆறு மணிக்கு ஷோர் பாஸோடு வந்துவிடுவார். அமலிக்குத் தலை பின்னுவது, பள்ளிக்கூடத்தில் விடுவது, வீட்டுப்பாடம், சண்டை, சாப்பாடு எல்லாம் அவர்தான். காரம் அவர் சொல்கிற அளவுதான். ராத்திரி பத்து மணிக்குப் படகுக்குக் கிளம்பிவிட வேண்டும். பதினொன்றரைக்குத் துறைமுக வாசல் மூடிவிடும்.

விருந்தாளி ராத்திரி தொண்ணூறு இருக்கிறது அல்லவா, அதைச் சும்மா தொட மாட்டோம். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அதற்கு, புயல் கூண்டு ஏற்றினால் அதற்கு, கிறிஸ்மஸுக்கு. ஒரு வருஷம் காய்ச்சல் அதிகமாகி, நவம்பரிலேயே தீர்ந்துவிட்டது. அந்த டிசம்பரில் கடல் கொந்தளித்தபோது நான் படகுத்துறையில் நின்று அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

போன வாரம் பள்ளிக்கூட வாசலில் நடந்தது இது. அமலியின் தோழியைக் கூட்டிப்போக அவள் அப்பா வந்திருந்தார். அமலி அவரிடம் போய், நீங்கள் எந்தப் படகில் படுப்பீர்கள் என்று கேட்டிருக்கிறாள். வீட்டில்தான் படுப்பேன் என்று அவர் சிரித்திருக்கிறார். இவள் சிரிக்கவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாவம், ஒங்களுக்குப் படகே இல்லையா?" என்று கேட்டிருக்கிறாள்.

இதை அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பத்து மணி ஆனது. அவர் செருப்பை மாட்டினார், கழற்றினார். திரும்பி வந்து அமலியின் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார். நான் விளக்கை அணைத்தேன்.

காலையில் அமலிதான் முதலில் எழுந்தாள். பக்கத்தில் அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்தாள், பளிச்சென்று வெயில். திரும்பி வந்து தன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்கு வந்து, அப்பாவுக்குக் கேட்டுவிடாமல் என்னிடம் கேட்டாள்.

"அம்மா, எனக்கு ஒண்ணுமில்லையே. அப்பா ஏன் நம்ம வீட்ல படுத்திருக்காங்க?"